வந்து நிற்பவர்

ஊர்ப் பதிவுகளுக்குப் பொறுப்பான விதானையார் கந்தப்பு கக்கத்தில் பதிவுப் புத்தகத்தோடு ஒழுங்கை முடக்கில் திரும்பினால் போதும், செல்வரட்ணம் சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு வேலிப் பொட்டால் புகையிலைத் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். நாற்பத்தாறு வயது மனிதர். அரைக்கைச் சட்டையும் சப்பாத்துமாக, நெஞ்சளவு வளர்ந்த புகையிலைக்குள் குந்தியிருப்பார். விதானையாரின் இருமல் கோயில் பக்கமாகப் போய்த் தேயும்வரை எழும்பமாட்டார்.

விதானையாருக்கும் இது தெரியாததல்ல. முற்றத்தில் நின்று செல்வரட்ணத்தின் அக்கா தங்கமுத்து கொடுக்கும் மோரைக் குடித்தபடி வேலிப் பக்கம் பார்த்துச் சற்று உரக்கவே சொல்லுவார்: "கள்ளன் காவாலி எல்லாம் எனக்கு முன்னாலை நெஞ்சை நிமித்திக்கொண்டு திரியுறாங்கள். ஒண்டும் செய்யாத இந்த மனிசன்தான் ஓடுது."

ஓடுவதற்குக் காரணம் அந்தப் புத்தகம். அரிசிக் கூப்பன் என்றும் வாக்காளர் இடாப்பு என்றும் அது காலத்துக்குக் காலம் வேறு வேறு மட்டையோடு வரும். எந்த மட்டையானாலும் அதற்குள் தம்முடைய பெயர் ஏறக்கூடாது என்பது செல்வரட்ணத்தின் பிடிவாதம். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தவர், இப்போது ஐந்தரை வருஷமாகக் கரவெட்டியிலேயே படுத்தெழும்புபவர். ஆனால் இங்கே இருக்கிறீரா என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் கறுத்துப்போகும். "நான் இருக்கேல்லை, நிக்கிறன்" என்பார். அதற்குமேல் விளக்கம் சொல்லமாட்டார்.

மலாயாவில் சிரம்பானுக்கு அப்பால் ஒரு றப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் கிளாக்கராக இருந்தவர். மனைவி ஞானாம்பிகை அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தொன்றாம் ஆண்டு கார்த்திகையில் தகப்பனாரின் ஆண்டுத் திவசத்துக்கென்று இரண்டு மாத விடுமுறை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். ஒரே மகன், வராமல் விட முடியாது. மனைவிக்கு ஆறு மாதம், கப்பல் பயணம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பது வயது மகள் பத்மாவதி தாயின் துணைக்கு நின்றாள். திவசம் முடிந்து துடைத்துக் கவிழ்த்த பாத்திரங்கள் காய்வதற்கு முன்னே அங்கே குண்டு விழுந்தது. பிறகு சிங்கப்பூரும் விழுந்தது. கப்பல் இல்லை, கடிதம் இல்லை.

கையில் மிஞ்சியது தோட்டத்து விடுமுறைக் கடதாசி ஒன்றுதான். அதன் கடைசி வரியில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. விடுமுறையில் போனவர் வேறிடத்தில் குடியேறினாலோ வேறு வேலை ஏற்றாலோ திரும்பி வரும் உரிமையை இழப்பார். அந்த வரியை அவர் எத்தனை முறை வாசித்தாரோ. குடியேறுவது என்றால் என்ன என்று கடதாசி சொல்லவில்லை. ஆகவே என்னென்ன செய்தால் ஒருவன் குடியேறியவன் ஆகலாம் என்று அவரே யோசித்து, யோசித்த ஒவ்வொன்றையும் தமக்கு விலக்கிக்கொண்டார்.

முதலில் விலக்கியது அரிசியை. கூப்பன் முறை வந்தபோது விதானையார் வீட்டாள் கணக்கு எழுத வந்தார். புருஷன் போனபின் தனியே இருந்த அக்கா தம் பெயரைச் சொல்லி, அடுத்ததாகத் தம்பியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். செல்வரட்ணம் அடுக்களைக்குள் இருந்து ஓடிவந்து, எழுத வேண்டாம் என்று விதானையாரின் பேனையையே பிடித்துவிட்டார். அன்று தொடங்கி யுத்தம் முடியும்வரை அவருக்கென்று ஒரு கொத்து அரிசி சங்கக்கடையில் அளக்கப்படவில்லை. ஒடியல் பிட்டு, குரக்கன் பிட்டு, மரவள்ளிக் கிழங்கு. அக்கா தம்முடைய பங்குச் சோற்றில் பாதியை அவர் கோப்பைக்குள் தள்ளுவார். அவர் அதைத் திரும்பத் தள்ளுவார். இருவருக்கும் நடுவில் ஆறிப்போன அந்தச் சோற்றைப் பல நாள் காகம்தான் தின்றது.

சங்கக்கடைக்கு ஒரு மனேச்சர் தேவைப்பட்டபோது ஊரவர் நாலுபேர் வந்து கேட்டார்கள். வேலைதானே, அது நிபந்தனையில் நேராகவே இருக்கிறது. மறுத்துவிட்டார். வாசிகசாலையில் அங்கத்தவராகச் சேரவில்லை. அங்கத்தவர்கள் வாங்கில் இருந்து பத்திரிகை வாசிக்க, அவர் ஓரத்தில் நின்றுகொண்டே வாசிப்பார். உடுப்பெல்லாம் இன்னும் டிரங்குப் பெட்டிக்குள். தோய்த்துக் காய்ந்ததும் கொடியில் ஒரு நாழிகை கிடக்க விடாமல் மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். ஒருமுறை அவர் தின்று எறிந்த மாங்கொட்டை கிணற்றடியில் முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. அதைக் கண்ட அன்று அவருக்குப் பல் துலக்கவும் ஓடவில்லை. மண்ணோடு கிளப்பி அடுத்த வளவுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

போன வருஷம் குடிசன மதிப்புக்கு ஆட்கள் வந்தபோது மாத்திரம் தப்ப வழி இருக்கவில்லை. தலை எண்ணியே தீருவோம் என்று நின்றார்கள். கடைசியில், 'தமக்கை வீட்டில் வந்து நிற்பவர்' என்று எழுதுவித்து, எழுதியதைத் தாமே ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகுதான் அவர்களைப் போகவிட்டார்.

இத்தனைக்கும் ஊரில் அவரைத் தேடி வராத ஆள் இல்லை. அவருடைய கையெழுத்து அப்படி. அச்சுக் கோத்ததுபோல் ஒரே சாய்வில் ஓடும் இங்கிலீஷ். காணிக் கச்சேரிக்கு விண்ணப்பம், கொழும்புக் கந்தோருக்கு முறைப்பாடு, பள்ளிக்கூடத்து இடமாற்றம் எல்லாம் அவர் எழுதினால் காரியம் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. சும்மாதான் எழுதிக் கொடுப்பார், ஒரு பாக்கு வெற்றிலைகூட வாங்கமாட்டார். வாங்கினால் அது வேலையாகிவிடும்.

யுத்தம் முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகு ஞானாம்பிகையின் கடிதம் வந்தது. நெல்லியடித் தபாற்கந்தோர் வாசலில் நின்றே உடைத்து வாசித்தார். மகன் பிறந்த செய்தி முதல் பக்கத்தில் இருந்தது. மாமாவின், அதாவது அவருடைய தகப்பனாரின் பெயரையே, சிவசுப்பிரமணியம் என்று, வைத்ததாக எழுதியிருந்தாள். பக்கத்தைத் திருப்பினார். இரண்டரை வயதில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டான் என்ற செய்தி மறுபக்கத்தில் இருந்தது. பிள்ளையை அவர் அறிந்திருந்த நேரம் அந்தக் கடதாசியைத் திருப்பும் நேரம்தான்.

வீட்டுக்கு வந்து நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார். உச்சி வெயிலில் தம்பி தலை முழுகுவதைக் கண்டு அக்கா அடுக்களையிலிருந்து இறங்கி வந்தார்.

"ஆர், தம்பி?"

"மகன்."

அக்கா வீட்டுக்குள் போனார். துவாயை எடுத்துவந்து கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, அங்கேயே அடுத்த பக்கம் திரும்பி நின்றார்.

கடிதத்தின் முடிவில் இருந்த வரிகளை அவர் இன்றைக்கும் பாராமல் சொல்லுவார். 'பிள்ளையைத் தோட்டத்துக்குப் பின்னாலை தாட்டிருக்கு. அவனைத் தனிய விட்டிட்டு நான் அங்கை வரமாட்டன். நீங்கள் வாங்கோ.'

போவதற்குத்தான் வழியில்லை. முன்னைப்போல் காசைக் கட்டிக் கப்பல் ஏறுகிற காலம் போய்விட்டது. அனுமதிச் சீட்டு வேண்டும். யுத்தத்துக்கு முன் மலாயாவில் நிலையாகக் குடியிருந்து, யுத்தத்தால் வெளியே அகப்பட்டவர் என்று காட்டினால்தான் அது கிடைக்கும். செல்வரட்ணம் பயப்படவில்லை. இருபது வருஷம் அங்கே இருந்தவர். இங்கே ஒரு பதிவிலும் பெயர் இல்லை. கூப்பன் இல்லை, இடாப்பு இல்லை, வேலை இல்லை. இவ்வளவையும் நான்கு பக்கத்தில் தம் அழகான எழுத்தில் எழுதி, நாலு வருஷம் அரிசி வாங்காததைத் தனியாக ஒரு பந்தியில் போட்டு மலாயாவின் குடிவரவுக் கந்தோருக்கு அனுப்பினார். தோட்டத்திலும் இந்த வருஷ ஆனி மாதக் கடைசிவரை அவருடைய இடத்தை வைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் தபாற்கந்தோர். தபாற்காரன் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவான்தான், ஆனால் அதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விடும். பை வந்து உடைக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்பார். தபால் அதிபர் தலையாட்டினால் குடையை விரித்துக்கொண்டு திரும்புவார். அப்படிப் பதினொரு மாதம் நடந்தார். இந்த மாசிக் கடைசியில் பதில் வந்தது.

பதிலோடு நான்கு பிரதிகள் கோத்து வந்தன. நான்கும் அவரே தோட்டத்தில் எழுதிக் கொடுத்த விடுமுறை விண்ணப்பங்கள்: இருபத்தாறு, முப்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் 'நிலையான வீடு எங்கே' என்ற இடத்துக்கு நேரே, அச்சுக் கோத்ததுபோன்ற எழுத்தில், 'இலந்தையடி வளவு, கரவெட்டி, யாழ்ப்பாணம்' என்று எழுதியிருந்தது. தமக்கு நிலையான வீடு யாழ்ப்பாணத்தில் என்று நான்கு தரம் எழுதிக் கையொப்பமிட்டவர் மலாயாவில் நிலையாகக் குடியிருந்தவராக எப்படி ஆவார் என்று கேட்டிருந்தார்கள். மறுத்துரைக்க ஆதாரம் இருந்தால் சித்திரைக் கடைசிக்கு முன் அனுப்பவேண்டும்.

அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள் பருத்தித்துறைக்குப் போய், வழக்கும் உறுதியும் பார்க்கும் பிரக்கிராசியார் ஏர்னெஸ்டின் கந்தோரில் அந்தக் கட்டை அவிழ்த்தார். ஏர்னெஸ்ட் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவரோடு படித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நான்கையும் பார்த்தார்.

"உம்மடை எழுத்தோ?"

"ஓம்."

"ஒரு எழுத்தாவது விளங்காமல் எழுதியிருந்தீரெண்டால் தப்பியிருக்கலாம்."

செல்வரட்ணம் சிரிக்கவில்லை. அங்கே உள்ள யாழ்ப்பாணத்தார் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார். ஊர் இல்லாதவன் என்று ஒருவன் கடதாசியில் எழுதிக் கொடுப்பானோ? எவ்விடம் என்று கேட்டால் சொல்ல ஓர் இடம் இல்லாதவனுக்குப் பெண் கொடுப்பார்களோ, அவன் வீட்டில் கை நனைப்பார்களோ? அங்கே பிறந்த பிள்ளைகள்கூடப் பாராத ஊரின் பெயரைத்தான் எழுதுகின்றன. அதோடு, வீடு கடலுக்கு அப்பால் என்று எழுதினால்தான் தோட்டத்தில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கப்பல் பயணம் தருவார்கள். பிரக்கிராசியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கூப்பன் எடுக்காத கதைக்கு வந்தபோது கையை உயர்த்தினார்.

"அது ஒண்டுக்கும் உதவாது. அகப்பட்டு நிண்டவனும் சோறு தின்னத்தானே வேணும்? நீர் அரிசி வாங்கியிருந்தாலும் ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம்."

செல்வரட்ணம் மேசையில் கிடந்த மைக்கூட்டின் மூடியை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், பழையபடி வைத்தார்.

வழியைக் கண்டுபிடித்தவர் பிரக்கிராசியார்தான். அந்த வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டார். அக்காவின் பெயரில் என்றார் செல்வரட்ணம். இருபத்தாறில் அக்காவின் கலியாணத்துக்கு ஐயா சீதனமாக எழுதிக் கொடுத்தது. அந்தக் கலியாணத்தை ஒப்பேற்றவென்றே மலாயாவுக்குப் போனவர் அவர். முதல் விடுமுறையில் வந்து, சீதன உறுதிப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் வைத்தார். பிரக்கிராசியார் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அப்ப அக்காவுக்குக் குடுத்து முடிஞ்ச வீட்டைப் பிறகும் மூண்டு தரம் உம்மடை வீடெண்டு எழுதியிருக்கிறீர். உமக்கு இஞ்சை ஒரு வீடும் இல்லை, ஐசே. அதைச் சத்தியக்கடதாசியிலை சொல்லுவம். ஆனால் நீர் மாத்திரம் சொன்னால் காணாது. வீட்டுக்காரி சொல்லவேணும்."

வீட்டுக்காரி அதைச் சொல்லச் சம்மதிக்க ஒன்பது நாள் சென்றது. முதல் நாள் அக்கா கேட்டுவிட்டு எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். இரண்டாம் நாள் பதில் வந்தது. தம்பி போவதை அவர் தடுக்கவில்லை. ஞானாம்பிகை ஒரு பிள்ளையைத் தாட்டுவிட்டு, மற்றதை வைத்துக்கொண்டு தனியே கிடக்கிறாள், போகத்தான் வேண்டும். ஆனால் இதைச் சொல்ல மாட்டேன் என்றார்.

"எனக்குத் தந்த வீடுதான். எண்டாலும் ஐயா கட்டின வீடு. உனக்கு இஞ்சை இடமில்லை எண்டு நான் கைச்சாத்து வைக்கவோ? ஆரும் அறிஞ்சால் என்னை என்னெண்டு நினைப்பினம்? அங்கையும் உன்னை விடேல்லை எண்டால் நீ எங்கை போவாய்?"

கடைசிக் கேள்விதான் செல்வரட்ணத்தையும் அரித்தது. அங்கே உரிமை இல்லையென்று அவர்கள் சொல்லியாயிற்று. இங்கே உரிமை இல்லையென்று இவர் சொல்லப்போகிறார். இரண்டு கடதாசியும் ஒன்றை ஒன்று தாண்டிப்போய்விட்டால் நிற்பதற்கு நிலம் ஏது? அந்த ஒன்பது நாளும் அவர் பங்குனி வெயிலில் முற்றத்தில் நடந்தார். காலடி அடையாளத்தைத் தாமே விளக்குமாற்றால் கூட்டினார், பிறகும் நடந்தார். ஆனி முடிவதற்குள் போக எத்தனை கப்பல் மிச்சம் என்று விரல் மடித்துப் பார்த்தார். அக்காவை மாத்திரம் வற்புறுத்தவில்லை. ஒன்பதாம் நாள் அவர் தபாற்கந்தோரால் திரும்பியபோது சீதன உறுதி பெட்டகத்திலிருந்து எடுக்கப்பட்டு, பழைய சேலைத் துண்டில் சுற்றி, அவருடைய டிரங்குப் பெட்டிக்கு மேல் இருந்தது. அக்கா அடுக்களையில் முதுகு காட்டியபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை இருவரும் பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போனார்கள். அக்கா கோயிலுக்கு உடுக்கும் சேலை உடுத்திருந்தார். சத்தியம் வாங்குவதற்குச் சமாதான நீதவான் ஒருவர் வந்திருந்தார். இங்கிலீஷில் இருந்ததைப் பிரக்கிராசியார் தமிழில் வாசித்துச் சொன்னார். கூறப்பட்ட செல்வரட்ணம் என்பவர் எனது வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர், எனது சகோதரர். கூறப்பட்ட வீட்டிலோ வளவிலோ அவருக்கு எந்த உரிமையும் இல்லை. இங்கே நிலைத்திருக்கும் எண்ணம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

அக்கா பேனையை வாங்கவில்லை.

"தங்கியிருப்பவர் எண்டு போடாமல் தம்பி எண்டு போடேலாதோ?"

"தம்பி எண்டும் போட்டிருக்கு, அக்கா. சகோதரர் எண்டு."

"அது முன்னுக்கு வரட்டும்."

பிரக்கிராசியார் நீதவானைப் பார்த்தார். நீதவான் யன்னலைப் பார்த்தார். தட்டச்சுக்காரரிடம் கொடுத்து அந்தப் பக்கத்தைத் திரும்ப அடிப்பித்தார்கள். அரை மணித்தியாலம் சென்றது. அதுவரை அக்கா வாங்கின் ஒரு கரையிலும் செல்வரட்ணம் மறுகரையிலும் இருந்தார்கள். சகோதரர் முன்னுக்கு வந்ததைக் கேட்ட பிறகு அக்கா நாலாம் வகுப்பு எழுத்தில், ஒவ்வோர் எழுத்தாக, சிவசுப்பிரமணியம் தங்கமுத்து என்று தகப்பன் பெயரோடு எழுதினார். அதன் கீழே செல்வரட்ணமும் தமது பிரமாணத்துக்குக் கையொப்பம் வைத்தார். அவருடைய கையெழுத்து அன்று ஒரே சாய்வில் போகவில்லை. கட்டு அன்றைய தபாலுக்கே போயிற்று. ஏற்பார்களா மாட்டார்களா என்று கேட்டதற்கு, ஏற்கலாம் என்று மட்டும் பிரக்கிராசியார் சொன்னார்.

நெல்லியடிச் சந்தியில் இறங்கி நடந்தபோது, சோற்றை வடித்து மூடிவைத்துவிட்டு வந்ததாகவும், மாங்காய்க் குழம்பைச் சூடுகாட்டினால் போதும் என்றும் அக்கா ஒருமுறை சொன்னார். அவர் ஓம் என்றார். வெயில் ஏறியிருந்தது. குடையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு நாலடி பின்னால் வந்தார்.

இலந்தையடியில் அக்கா வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு, குடையைச் சுருக்கியபடியே திரும்பிப் பாராமல் முற்றத்தைக் கடந்து போனார். படலை தன் பாரத்தில் ஆடி ஆடிப் பின்னால் வந்து மூடிக்கொண்டது. செல்வரட்ணம் ஒழுங்கையில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை. படலையில் வைக்கப்போன உள்ளங்கையை எடுத்து, விரல்களை மடக்கி, அயலூரிலிருந்து வந்த ஆள்போல முட்டியால் இரண்டு தரம் தட்டினார். தட்டிவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்று, சட்டைப் பொத்தானைப் பூட்டினார்.